நெகட்டிவ் டின்னைத் திறந்தவர்களுக்கு: இருட்டறைக்காரர் பதில்கள்

சென்ற இதழில், பழைய நெகட்டிவ்களை டிஜிட்டலாக்க ஸ்கேனர் வாங்கத் தேவையில்லை, வீட்டில் இருக்கும் கேமராவே போதும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன. பினாங்கு ஜார்ஜ்டவுன் ஸ்டூடியோ ஒன்றின் இருட்டறையிலும், கலர் மெஷின் வந்த பிறகு அதன் முன்னாலும் வயதைக் கரைத்தவன் நான். இந்த மாதம் மற்றக் கேள்விகள் காத்திருக்கட்டும்.

கேள்வி: அப்பா எடுத்த நெகட்டிவ்கள் இரண்டு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. என்னிடம் இருப்பது சாதாரண 24 மெகாபிக்சல் கேமரா. புதிதாக என்னென்ன வாங்கவேண்டும் அண்ணே? — பட்டர்வொர்த் வாசகர்

பதில்: கேமரா வாங்கவேண்டாம் தம்பி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்காக மூவாயிரம் வெள்ளி கொடுத்துப் புதுசு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் ஒன்றும் மாறவில்லை. காசைப் போடவேண்டிய இடம் லென்ஸும் வெளிச்சமும்.

35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். உங்கள் கேமராவோடு வந்த லென்ஸ் அவ்வளவு சின்னப் பொருளைக் கிட்டே போய் எடுக்காது. மேக்ரோ லென்ஸ் வேண்டும். ஆட்டோஃபோகஸ் இல்லாத பழைய மேக்ரோ லென்ஸே தாராளம், ஏனென்றால் ஃபோகஸை எப்படியும் கையால்தான் வைக்கப் போகிறீர்கள். நான் வைத்திருப்பது நிக்கானின் பழைய 55 மில்லிமீட்டர் மைக்ரோ. அது தனியாக, பொருளின் பாதி அளவு சென்சாரில் விழும் வரைக்கும்தான் கிட்டே போய் எடுக்கும். முழு அளவுக்குப் போக, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக் குழாய் ஒன்றை மாட்டவேண்டும். சின்ன சென்சார் உள்ள கேமராவில் அந்தப் பாதி அளவிலேயே நெகட்டிவ் அகலவாக்கில் முக்கால் சட்டத்தை நிரப்பிவிடும். 24 மெகாபிக்சலில் முக்கால் என்றால் சுமார் 4600 பிக்சல் அகலம். 10க்கு 15 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டலாம். டியூப் போட்டால் இன்னும் கூடும். அப்பாவின் கேமரா சாதாரணப் பாயிண்ட் அண்ட் ஷூட் என்றால், அதன் லென்ஸ் பிடித்ததற்கு மேல் நெகட்டிவில் இருக்காது. ஆகவே பிக்சல் கணக்கில் ரொம்ப மெனக்கெடவேண்டாம்.

வெளிச்சம் வேறு விஷயம், அங்கே மெனக்கெடுங்கள். ஓவியப் பிள்ளைகள் வைத்திருக்கும் மலிவு எல்இடி டிரேசிங் பலகை கறுப்பு வெள்ளைக்குச் சரி. கலருக்கு நிறத்தை உள்ளபடி காட்டும் விளக்கு வேண்டும். பெட்டியில் சிஆர்ஐ 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நெகட்டிவைப் பலகையின் மேல் நேராக வைக்காதீர்கள், பலகையின் புள்ளிகளும் தூசியும் படத்தில் விழும். நான்கைந்து சென்டிமீட்டர் உயர்த்தி, நடுவில் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றைக் கொடுங்கள். பிரகாசத்தைக் குறைக்காமல் முழுசாக எரியவிடுவதே நல்லது. குறைத்தால் சில எல்இடி துடிக்கும், படத்தில் பட்டை பட்டையாக வரும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பி இறங்காதீர்கள். பினாங்கில் மேகம் எப்போது வரும் போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரே ரோலில் பத்துப் படத்துக்குப் பத்து நிறம் வந்து நிற்கும்.

அப்புறம் ஹோல்டர். இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் பழைய என்லார்ஜரின் நெகட்டிவ் கேரியர் (நெகட்டிவைப் பிடிக்கும் தட்டு) கிடைத்தால் அதைவிட வசதியானது இல்லை. இல்லையென்றால் கறுப்பு அட்டையில் 36க்கு 24 மில்லிமீட்டரைவிட ஒரு நூல் பெரிதாக ஜன்னல் வெட்டுங்கள். நெகட்டிவைச் சுற்றி வேறு வெளிச்சம் கசிந்தால் லென்ஸுக்குள் புகுந்து படம் முழுக்கச் சாம்பல் பூசிவிடும். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். நெகட்டிவை மட்டப்படுத்துகிறேன் என்று சாதாரணக் கண்ணாடியை மேலே வைத்து அழுத்தவும் வேண்டாம். ஃபிலிமின் வழவழப்பான பக்கம் கண்ணாடியில் ஒட்டும் இடத்தில் வானவில் வளையங்கள் தெரியும். ரொம்பச் சுருண்டிருந்தால் உறையோடு தடித்த புத்தகங்களுக்கு அடியில் சில நாள் கிடக்கட்டும்.

கேமரா நெகட்டிவுக்கு நேர் மேலே, கொஞ்சமும் சாயாமல் இருக்கவேண்டும். இதற்கு வாட்டர் லெவலைவிட ஒரு கைக்கண்ணாடி மேல். நெகட்டிவ் வைக்கும் இடத்தில் அந்தக் கண்ணாடியை மட்டமாகப் போடுங்கள். கேமராத் திரையில் உங்கள் லென்ஸின் பிம்பமே கறுப்பு வட்டமாகத் தெரியும். அது சட்டத்தின் நட்டநடுவில் உட்காரும்வரை முக்காலியைத் திருத்துங்கள். நடுவில் உட்கார்ந்துவிட்டால் நான்கு மூலையும் ஒரே கூர்மை. அதன்பிறகு முக்காலியில் கை வைக்கக்கூடாது.

செட்டிங் சுருக்கமாக: ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, கேமரா மெருகேற்றாமல் தரும் ரா ஃபைல், இரண்டு விநாடி டைமர். திரையில் பெரிதாக்கி, முகத்தைப் பார்த்து அல்ல, ஃபிலிமின் மணல்மணலான கிரெயினைப் பார்த்து ஃபோகஸ் வையுங்கள். பலகைத் தளம் போட்ட பழைய கடைவீடு என்றால் படம் எடுக்கும்போது யாரும் நடக்கக்கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான், ஆனால் தூசி உட்கார்ந்த நெகட்டிவில் ஒவ்வொரு புள்ளியாகக் கணினியில் துடைப்பது அதைவிடக் கொடுமை. ஸ்கேனர்களில் இன்ஃப்ராரெட் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து மறைக்கும் வசதி உண்டு, நம் கேமராவில் அது இல்லை. ரப்பர் புளோயர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

கேள்வி: சொன்னபடி எடுத்துவிட்டேன் ஐயா. கணினியில் இன்வர்ட் கொடுத்தால் எல்லாரும் நீலமாக வருகிறார்கள். அக்காவின் கல்யாணப் படம், பார்க்கவே சகிக்கவில்லை! — செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

பதில்: நீலம் வராவிட்டால்தான் ஆச்சரியம் அம்மா. கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறம் அழுக்கோ பழுப்போ இல்லை, சாயங்களின் குறையைச் சரிக்கட்ட ஃபிலிம் கம்பெனியே வைத்தது. அதைத் தலைகீழாக்கினால் நீலம்தான் வரும். முன்பு இருட்டறையில் மஞ்சள், மெஜந்தா ஃபில்டர்களைக் கூட்டியும் குறைத்தும் நாங்கள் அதை எடுத்தோம். இப்போது நீங்கள் திரையில் எடுக்கவேண்டும்.

முதலில், ஒவ்வொரு ரோலிலும் ஒரு படத்தையாவது ஓரத்தின் வெற்று ஃபிலிமும் தெரியும்படி எடுங்கள். இரண்டு படங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி போதும். ரா ஃபைலைத் திறந்து, இன்வர்ட் செய்வதற்கு முன்பே, எது நடுநிலை நிறம் என்று மென்பொருளுக்குக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் சொட்டுக்குழாயை அந்த வெற்று ஆரஞ்சின்மேல் வைத்துச் சொடுக்குங்கள். ஆரஞ்சு சாம்பலாகிவிடும். பிறகுதான் கர்வை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டை, தலைகீழாக்குவது. அடுத்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து, ஹிஸ்டோகிராம் (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம்) மலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அங்கே இரு முனைகளையும் கொண்டுவந்து நிறுத்துங்கள். பாதிக்குமேல் சரியாகிவிடும்.

இந்த முறையில் ஒரு கோணங்கித்தனம் உண்டு. கர்வைத் திருப்பிப் போட்ட பிறகு எல்லாப் பொத்தானும் தலைகீழாகத்தான் வேலை செய்யும். எக்ஸ்போஷரைக் கூட்டினால் படம் இருட்டும். மஞ்சள் பக்கம் இழுத்தால் நீலம் வரும். பயந்துவிடவேண்டாம், ஒரு டிஃப் ஃபைலாகச் சேமித்து மறுபடி திறந்தால் பொத்தான்கள் ஒழுங்காக நடந்துகொள்ளும். இவ்வளவும் கையால் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகாடாக்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் நெகட்டிவ் லேப் ப்ரோவைக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். எதுவானாலும் எடுக்கும்போதே ஹிஸ்டோகிராமைக் கவனியுங்கள்: ஃபிலிம் ஓரம்தான் சட்டத்தின் மிகப் பிரகாசமான இடம், அது வலப்பக்கச் சுவரில் முட்டக்கூடாது. குறிப்பாகச் சிவப்பு.

உங்கள் படம் கல்யாணப் படம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மாப்பிள்ளை வேட்டி வெள்ளைதானே என்று அதில் ஒயிட் பேலன்ஸ் வைக்காதீர்கள். சலவையில் சொட்டு நீலம் போட்ட வேட்டி அது. அதை நடுநிலை வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால், நீலத்தைக் கழிப்பதற்காகப் பெண் மாப்பிள்ளை இரண்டு பேர் முகத்திலும் மஞ்சளைக் கொட்டும். ஏற்கெனவே நலங்கு வைத்த முகம்! எவர்சில்வர் குத்துவிளக்கோ, சாம்பல் நிறச் சிமெண்டுத் தரையோ இருந்தால் அதில் வையுங்கள். கடைசி முடிவு முகத்தைப் பார்த்துத்தான். ஆட்டோ பொத்தான் நம் ஆட்களின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும், அல்லது வெளுத்துவிடும். அந்தக் காலத்தில் வாடிக்கையாளர்களே ‘கொஞ்சம் வெளுப்பாப் போடுங்க’ என்று கேட்டதுண்டு, போட்டும் கொடுத்தோம். இப்போது உங்கள் அக்கா எப்படி இருந்தாரோ அப்படியே கொண்டுவாருங்கள்.

படம் இடவலம் மாறிவிட்டதா என்று பார்க்க முந்தானையைப் பாருங்கள். இடத் தோளில் இருக்கவேண்டியது எல்லாப் பெண்களுக்கும் வலத் தோளில் இருந்தால் நெகட்டிவைத் திருப்பி வைத்து எடுத்திருக்கிறீர்கள். கணினியில் ஒரு சொடுக்கில் திருப்பிவிடலாம்.

கேள்வி: எங்கள் வீட்டு நெகட்டிவ்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. தண்ணீரில் கழுவலாமா? — தைப்பிங் வாசகர்

பதில்: கூடாது. தைப்பிங் மழையில் வளர்ந்த பூஞ்சைதான் அது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மரத்தின் சல்லிவேர் ஓடியது மாதிரித் தெரியும். ஃபிலிமின் மங்கலான பக்கத்தில் படம் ஒட்டியிருப்பது ஜெலட்டினில், பூஞ்சைக்குச் சாப்பாடும் அதுதான். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். கழுவினீர்கள் என்றால் பூஞ்சையோடு சேர்ந்து ஆளும் போய்விடுவார்.

வழவழப்பான பக்கத்தை மட்டும், 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை லென்ஸ் தாளில் தொட்டு மெல்லத் துடைக்கலாம். மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 70 விழுக்காட்டுப் போத்தலில் மீதி தண்ணீர், அது வேண்டாம். முதலில் படமே இல்லாத முனையில் துடைத்துப் பாருங்கள். மங்கலான பக்கத்தில் புளோயர் காற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலையை வெளித் திண்ணையில், முகக்கவசம் போட்டுச் செய்யுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. வேர் ஓடிய இடங்களைக் கணினியில் ஒட்டுப்போடவேண்டியதுதான். முகத்தில் ஓடியதைப் பொறுமையாகச் செய்யுங்கள். வானத்திலும் சுவரிலும் ஓடியதை விட்டால்கூடக் குறையில்லை.

மிச்சமிருப்பதைக் காப்பாற்ற: காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். மீட்டர் 40ஐ ஒட்டி நிற்கட்டும். பிவிசி உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாலிபுரோப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள். உறையில் ஒட்டிக்கொண்ட நெகட்டிவை இழுத்துப் பிரிக்காதீர்கள். உலர்ந்த பெட்டியில் சில வாரம் வைத்தால் சிலது தானே விடும். விடாவிட்டால் உறையோடே வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தெளிவு குறையும், ஆள் மிஞ்சுவார்.

கேள்வி: ஒரு பழைய டின்னைத் திறந்ததும் குப்பென்று காடி வாசம். யாராவது அச்சார் போட்டு வைத்த டின்னா என்று சிரித்தோம். — சுங்கை பட்டாணி வாசகி

பதில்: சிரித்தது போதும், அந்த டின்னை மற்ற டின்களிலிருந்து இன்றைக்கே தள்ளி வையுங்கள். அசிட்டேட் ஃபிலிம் சிதையும்போது வெளியாவது அசிட்டிக் அமிலம், காடியில் உள்ள அதே அமிலம். ஒருமுறை தொடங்கினால், வந்த அமிலமே சிதைவை இன்னும் விரட்டும். பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் அந்த ஆவி கெடுக்கும். வெயிலும் ஈரமும் சேர்ந்த நம் ஊரில் இது சீக்கிரம் வரும். நாளாக ஆக ஃபிலிம் சுருங்கும், மேல் படலம் மடிப்பு மடிப்பாக எழும்பும். அப்புறம் எந்தக் கேமராவாலும் ஒன்றும் செய்யமுடியாது. எந்த டின்னை முதலில் எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம், மூக்கு சொல்வதுதான் முதல் டின். அதை இறுக்கி மூடாமல் காற்றோட்டமாக வையுங்கள்.

கேள்வி: குடும்பத்தில் ஒரு சண்டை. ஜார்ஜ்டவுன் லேபோ பாசார் தெருவில் எடுத்த ஒரு கலர் நெகட்டிவ், பின்னால் கொம்தார் அடுக்குமாடிக் கோபுரம் தெரிகிறது. நிற்பவர் தாத்தா என்கிறார் பெரியப்பா. தாத்தாவின் தம்பி என்கிறார் அத்தை. தாத்தா தவறியது 1981. எப்படித் தீர்ப்பது? — புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

பதில்: முகத்தை விட்டுவிட்டு ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். துளைகளை ஒட்டிப் பார்கோடு மாதிரிக் கோடுகள் அச்சாகியிருக்கின்றனவா? அந்த டிஎக்ஸ் முறையைக் கோடாக் கொண்டுவந்தது 1983இல். கோடுகள் இருந்தால் அது தாத்தா இல்லை, அத்தை ஜெயித்தார். கோடுகள் இல்லாவிட்டால் பெரியப்பா ஜெயித்ததாக ஆகிவிடாது, 1983க்குப் பிறகும் பழைய சரக்கு கொஞ்ச காலம் விற்றது. ரோலைக் கேமராவுக்குள்ளேயே வருஷக்கணக்கில் விட்டுவைத்து, தீபாவளிக்கு நாலு, தைப்பூசத்துக்கு நாலு என்று எடுத்தவர்களும் நம்மில் நிறைய. அப்போது கோபுரத்தைப் பாருங்கள். கொம்தார் வேலை 1970களில் தொடங்கி 1980களின் நடுவில்தான் முடிந்தது. கிரேனோடு பாதியில் நிற்கிறதா, முழுசாக நிற்கிறதா என்பதைப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும். பழைய 4ஆர் (4க்கு 6 அங்குல) பிரிண்டில் மங்கலாக இருப்பது நெகட்டிவில் கடைப் பலகை எழுத்துவரைக்கும் கிடைக்கும். ஓரத்தையும் சேர்த்து எடுத்து வையுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: டிஜிட்டலாக்கிய பிறகு நெகட்டிவ்களைக் குப்பையில் போடலாம் என்கிறான் என் மகன். — செபராங் ஜெயா வாசகி

பதில்: போடச் சொல்லாதீர்கள். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தாலே ஆள் தெரிவார். ஃபைல்களை இரண்டு டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஃபைல் பெயரும் உறையின்மேல் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் திரும்பத் தேடும்போது சிரமம்.

கேள்வி: ஸ்டூடியோவில் எடுத்த பெரிய சதுர நெகட்டிவ்களுக்கும் இதே முறையா? — ஈப்போ வாசகர்

பதில்: அது 120 ஃபிலிம், பக்கத்துக்குச் சுமார் 56 மில்லிமீட்டர். கேமராவைக் கொஞ்சம் உயர்த்தி ஒரே படமாக எடுக்கலாம். பெரிய பிரிண்ட் வேண்டுமானால் கேமராவை அசைக்காமல் நெகட்டிவை நகர்த்தி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி இரண்டு மூன்று படமாக எடுத்து ஹியூஜின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டுங்கள். இந்த அளவுக்கு மட்டும் வீட்டு ஃபிளாட்பெட் ஸ்கேனரும் பரவாயில்லை. 35 மில்லிமீட்டருக்கு அதை நான் சொல்லமாட்டேன். பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும், உண்மையில் கிடைப்பது அதில் ஒரு பங்குதான்.

கேள்வி: லோரோங் கூலிட் சந்தையில் யாரோ ஒருவர் வீட்டு நெகட்டிவ் கட்டு ஒன்று வாங்கினேன். நம்மவர்கள்தான், சீமந்தப் படங்கள். ஃபேஸ்புக்கில் போட்டால் சொந்தக்காரர்கள் கிடைப்பார்களா? — ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: கிடைக்கலாம். ஆனால் கட்டு முழுவதையும் கொட்டாதீர்கள். வீட்டு முகப்பு, வண்டி எண், கோயில் மாதிரி அடையாளம் தெரியும் ஒரு படம் போதும். வயிற்றுப்பிள்ளைக்காரியின் படத்தை ஊர் பார்க்க வைப்பது அந்தக் குடும்பம் தீர்மானிக்கவேண்டிய விஷயம்.

கேள்வி: என்னிடம் கேமராவே இல்லை. கைப்பேசியால் முடியுமா? — பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர், கோலாலம்பூர்

பதில்: யார் யார் எந்த நெகட்டிவில் என்று பட்டியல் போடுவதற்கு முடியும். அந்த வெளிச்சப் பலகை, கறுப்பு அட்டை எல்லாம் அதற்கும் வேண்டும். பிரிண்ட் போட நினைத்தால் உறவில் யாரிடமாவது கேமராவை ஒரு சனி ஞாயிறுக்கு இரவல் வாங்குங்கள். அப்புறம், முடித்த படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும்போது படமாக அனுப்பாதீர்கள், பிழிந்து சின்னதாக்கிவிடும். டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்புங்கள்.